கேட்டுக்கு வெளியே நிற்பது யார்?
கோல்ப் கம்யூனிட்டி வந்த ஒரு தீவின் கதை – விவசாயிகளின் கவனத்துக்கு

 

"கேட்டட் கம்யூனிட்டி வரப்போகுது, கோல்ப் மைதானம் வரப்போகுது, ஊரே மாறிடும், உங்க புள்ளைங்களுக்கு வேலை கிடைக்கும், இப்ப வித்தா நல்ல ரேட்டு" என்று வெள்ளைச் சட்டையும் கையில் லேஅவுட் மேப்புமாக புரோக்கர் வந்து திண்ணையில் உட்காருவது, நகரத்தை ஒட்டிய எந்த ஊருக்கும் புதுசு இல்லை. மேப்பில் பச்சையாகத் தெரிவது கோல்ப் மைதானம். நீலமாகத் தெரிவது செயற்கை ஏரி. நம்ம வீடு எங்கே தெரிகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

இந்த மாதிரி ஒரு ஊர் எப்படி உண்டாகிறது? அதை யார் நிர்வாகம் பண்ணுகிறார்கள்? அதுக்கு முன்னால் அங்கே உழுது கொண்டிருந்தவன் என்ன ஆனான்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தில், பியூஃபோர்ட் மாவட்டத்தில், ஹில்டன் ஹெட் என்கிற தீவு. அதில் 1950களில் ஆரம்பித்த 'சீ பைன்ஸ் பிளான்டேஷன்' என்கிற கோல்ப் குடியிருப்பு. பிற்பாடு பல இடங்களில் எழும்பிய கோல்ப் கம்யூனிட்டிகளுக்கு அச்சு வார்த்துக் கொடுத்ததே இந்த ஊர்தான். அங்கே நடந்தது முழுக்கச் சட்டப்படி நடந்தது. துப்பாக்கி இல்லை, அடியாள் இல்லை. கவனமாகப் படிக்க வேண்டியதற்குக் காரணமே அதுதான்.

ஏலத்தில் வந்த நிலம்

அந்தத் தீவின் பூர்வ விவசாயிகளுக்குக் குல்லா மக்கள் என்று பெயர். (குல்லா என்றதும் தலையில் போடுகிற குல்லாய் என்று நினைக்காதீர்கள். யாருக்கு யார் குல்லா போட்டார்கள் என்பது போகப் போகத் தெரியும்.) ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வாரிசுகள் இவர்கள். 1790-ல் இதே தீவில்தான் நீள இழைப் பருத்தி முதல் தடவையாக வெற்றிகரமாக விளைந்தது. அதன் பிறகு எழுபது வருஷம் தீவு முழுக்கப் பருத்திப் பண்ணை. உழைப்பு கறுப்பர்களுடையது, லாபம் வெள்ளைப் பண்ணையாருடையது.

1861 நவம்பர் 7-ம் தேதி, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கப்பல்கள் வந்து கோட்டையைப் பிடித்தன. பண்ணையார்கள் போட்டது போட்டபடி ஓடிப் போனார்கள். 1862-ல் விடுதலை பெற்ற அடிமைகள் மிட்செல்வில் என்று ஓர் ஊரை அமைத்துத் தாங்களே நிர்வாகம் பண்ணினார்கள். ஆறு வயசிலிருந்து பதினைந்து வயசு வரைக்கும் பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எழுத்துப் படிப்பதே குற்றம் என்று வைக்கப்பட்டிருந்த மக்கள், கையில் அதிகாரம் வந்ததும் முதலில் செய்த காரியங்களில் அது ஒன்று.

அதே 1862-ல் மத்திய அரசு நேரடி வரிச் சட்டம் கொண்டுவந்தது. ஓடிப்போன பண்ணையார் வரி கட்டவில்லை என்று அவன் நிலத்தை அரசு எடுத்து ஏலம் விட்டது. அந்த ஏலத்திலும், பிறகு அரசு பிரித்து விற்ற துண்டுகளிலும், கறுப்பின மக்கள் கூலிக்காசைச் சேர்த்து ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று வாங்கினார்கள். எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பாதிப் பண்ணையைப் பழைய முதலாளியே திரும்ப வாங்கிக் கொண்ட கதையும் உண்டு. ஆனாலும் கிடைத்தவன் விடவில்லை. வரி பாக்கிக்காக ஏலம் போன நிலம் இது என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த தொண்ணூறு வருஷம் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை நமக்குத் தெரிந்த வாழ்க்கைதான். சர்க்கரைவள்ளி, வெண்டை, அவரை, தர்ப்பூசணி. படகில் ஏற்றிப் பக்கத்து சவன்னா நகரச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது. வலை வீசி இறால், சிப்பி. ஆடு மாடு தீவு முழுக்க மேயும். வேலி கிடையாது. காடு யார் பெயரில் இருந்தாலும் சுள்ளி பொறுக்கலாம், வேட்டையாடலாம், கடற்கரைக்குப் போகலாம். கையில் காசு புழங்கியது குறைவு. பட்டினி கிடந்தவனும் இல்லை, அடுத்தவனிடம் கைகட்டி நின்றவனும் இல்லை.

பாலம் வந்தது, பின்னாலேயே வக்கீலும் வந்தார்

தீவின் தெற்குப் பக்கம் பெரிய பைன் காடு. வடக்கத்திப் பணக்காரர்கள் வேட்டைக்கென்று வாங்கிப் போட்டிருந்தது. 1950-ஐ ஒட்டி ஜார்ஜியா மாநிலத்து மரக் கம்பெனிக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து இருபதாயிரம் ஏக்கர் அளவுக்கு அதை வாங்கினார்கள். ஏக்கர் சராசரி 60 டாலர்! மரத்தை அறுத்து விற்பதுதான் நோக்கம். அந்தக் கூட்டாளிகளில் ஒருவர் ஜோசப் ஃப்ரேசர். அவருடைய மகன் சார்லஸ் ஃப்ரேசர், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மரத்தை அறுப்பதைவிட மரத்தோடு மனை விற்றால் லாபம் என்று கண்டுபிடித்தது இவர்தான்.

1956-ல் அரசாங்கப் பணத்தில் தீவுக்குப் பாலம் வந்தது. அதே வருஷம், இருபத்தேழு வயசு சார்லஸ் ஃப்ரேசர் தந்தையின் பங்கை வாங்கிக் கொண்டு சீ பைன்ஸ் வேலையை ஆரம்பித்தார். மொத்தம் 5,200 ஏக்கர். 1960களின் தொடக்கத்தில் முதல் கோல்ப் மைதானம். 1969-ல் பீட் டை என்பவரும் கோல்ப் வீரர் ஜாக் நிக்லஸும் சேர்ந்து வடிவமைத்த ஹார்பர் டவுன் மைதானம். அந்த வருஷமே அங்கே நடந்த பெரிய போட்டியில் ஆர்னல்ட் பாமர் ஜெயித்தார். டி.வி.யில் நாடு முழுக்கப் பார்த்தது. கப்பலுக்கு வழிகாட்டவே வேண்டாத இடத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டு ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று. விளம்பரத்துக்கென்றே கட்டின கலங்கரை விளக்கம் அது!

ஒன்றைக் கவனியுங்கள். கோல்ப் மைதானம் விளையாடுவதற்காக மட்டும் போடப்படுவதில்லை. கடலோரத்தில் மனை எத்தனை வரும்? கொஞ்சம்தான். உள்ளே தள்ளி இருக்கிற மனைக்கு யார் கூடுதல் காசு கொடுப்பான்? பதினெட்டுக் குழி மைதானத்தை நாக்கு நாக்காக உள்ளே இழுத்துவிட்டால் இரண்டு பக்கமும் 'பசுமை பார்த்த மனை' கிடைத்துவிடும். தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிற புல் மனை விலையை ஏற்றுகிற உரம். தொழிலின் சூட்சுமம் அவ்வளவுதான்.

ஃப்ரேசரை வெறும் கொள்ளைக்காரர் என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அது உண்மை ஆகாது. மரத்தைக் காப்பாற்றினார். 605 ஏக்கர் காட்டை அப்படியே விட்டு வைத்தார். மணல் குன்றை இடிக்கவில்லை. கட்டடம் மரத்துக்கு மேல் தலை தூக்கக் கூடாது என்றார். ஆகவே அமெரிக்காவில் இன்றைக்கும் அவர் பெயர் சொல்லிப் புகழ்கிறார்கள். கேள்வி வேறு. ஒரு ஓக் மரத்துக்காகச் சாலையை வளைத்துப் போட்ட மனுஷனின் திட்டத்தில், அந்த மரத்தடியில் நூறு வருஷமாகச் சுள்ளி பொறுக்கினவளுக்கு எத்தனை சென்ட் ஒதுக்கினார்கள்?

போட்டார்கள் கேட்டு. அதுவரை வேலி தெரியாத தீவில் சீ பைன்ஸுக்கு முதல் கேட்டு. அதைப் பார்த்து அடுத்த கம்பெனி, அதற்கு அடுத்த கம்பெனி. கடைசியில் தீவில் ஏறக்குறைய 70 சதவீதம் கேட்டுக்குள்ளே போய்விட்டது. அந்தக் கேட்டுகளின் மேல் எழுதியிருந்த வார்த்தை என்ன தெரியுமா? 'பிளான்டேஷன்'. தாத்தாவை அடிமையாகக் கட்டி வைத்த பண்ணைக்கு இருந்த அதே வார்த்தை. பேரன் காவலாளியிடம் அனுமதி கேட்டு நிற்கிற இடத்தில் பித்தளை எழுத்தில் அதைப் பதித்து வைப்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

கேட்டுக்குள்ளே யார் ராஜா?

இந்த ஊரின் நிர்வாகம் பஞ்சாயத்து மாதிரி கிடையாது. மனை விற்கும்போதே பத்திரத்தில் நிபந்தனைகள் எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம், மரம் வெட்டலாமா கூடாதா, எவ்வளவு தள்ளிக் கட்டலாம் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த நிபந்தனை ஆளோடு போகாது, நிலத்தோடு போகும். பத்துக் கை மாறினாலும் பதினோராவது ஆளையும் கட்டும். கட்டடத்தைப் பரிசீலிக்க ஒரு குழு. சாலை, கேட்டு, காவலாளி, வடிகால், சைக்கிள் பாதை இதையெல்லாம் பார்த்துக் கொள்ள 'கம்யூனிட்டி சர்வீசஸ் அசோசியேட்ஸ்' என்று சொத்துக்காரர்களின் தனி அமைப்பு. வருஷா வருஷம் ஒவ்வொரு சொத்துக்காரனும் கட்டணம் கட்ட வேண்டும். கோல்ப் மைதானமும் ஹோட்டலும் இன்னொரு கம்பெனியின் கையில்.

சாலை தனியார் சாலை. வெளியாள் கார் உள்ளே போகக் காசு. வேலைக்குப் போகிற கொத்தனார், தோட்டக்காரர் வண்டிக்குத் தனி பாஸ். தென் கரோலினாச் சட்டப்படி அலை வந்து போகிற ஈர மணல் பொதுச் சொத்து, எவனும் நடக்கலாம். ஆனால் அந்த மணலுக்குப் போகிற பாதை கேட்டுக்குள்ளே இருக்கிறதே! பொதுச் சொத்துக்குத் தனியார் பூட்டு.

ஓட்டு யாருக்கு? சொத்து வைத்திருக்கிறவனுக்கு. நாற்பது வருஷம் அதே புல்லை வெட்டினவனுக்கு ஓட்டு கிடையாது. ஆறு மாசம் வேறு மாநிலத்தில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு உண்டு. இதுதான் அந்த ஊர் ஜனநாயகம்.

சரி, உள்ளே மனை வாங்கினவனாவது நிம்மதியாக இருந்தானா? 1970களில் வட்டி ஏறியதும் ஃப்ரேசரின் கம்பெனி கடனில் மூழ்கித் தத்தளித்தது. 1980களில் அவர் விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர், அவரிடமிருந்து வாங்கியவர் என்று மளமளவென்று கை மாறி, 1986 வாக்கில் திவால் நீதிமன்றத்தில் போய் நின்றது. கடைசியில் 1987-ல் குடியிருந்தவர்களே பங்கு போட்டுக் கம்பெனி ஆரம்பித்துக் கோல்ப் மைதானத்தையும் ஹோட்டலையும் மீட்டார்கள். அந்தக் கம்பெனியும் 2005-ல் விர்ஜினியா மாநிலத்து ரிவர்ஸ்டோன் குரூப் கைக்குப் போனது. லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கின வெள்ளைக்காரப் பணக்காரனுக்கே இந்தக் கதி. பணக்காரன் சங்கம் வைத்து, பங்கு போட்டு மீட்க முடிந்தது. குல்லா விவசாயிக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

வரி என்கிற கத்தி

"அவங்க வாங்கினது வேட்டைக்காரன் காடுதானே, விவசாயி நிலத்தை யார் தொட்டா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீ பைன்ஸ் நின்ற நிலத்தில் பெரும்பகுதி மரக் கம்பெனி காடுதான். ஆனால் பக்கத்து நிலத்தைத் தொடாமலே பறிக்கலாம். எப்படி?

நம்ம ஊரில் கிஸ்திக்கும் நிலத்தின் சந்தை விலைக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து நிலம் கோடிக்குப் போனாலும் நம்ம தீர்வை ஏறாது. அங்கே அப்படி இல்லை. சொத்தின் மதிப்பு மேலேதான் வரி. பக்கத்தில் கோல்ப் மைதானமும் மாளிகையும் வந்தால், அவரை போட்டிருக்கிறவன் நிலத்துக்கும் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் வரி ஏறும். அவரைக்காய் விலை ஏறுமா? ஏறாது. இறால் விலை ஏறுமா? ஏறாது. அவன் நிலத்தில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, ஒரு பைசா கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை. ஆனாலும் வரி நோட்டீஸ் வருகிறது.

கட்டவில்லை என்றால்? பியூஃபோர்ட் மாவட்டத்தில் வருஷா வருஷம் அக்டோபரில் வரி பாக்கி ஏலம். ஏலம் போன சொத்தை மீட்க பன்னிரண்டு மாசம் தவணை, ஏலம் எடுத்தவனுக்கு வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். தவறினால் நிலம் போச்சு. அடிமை முதலாளி கட்டாத வரிக்காக ஏலம் போன நிலத்தை வாங்கினான் தாத்தா. கோல்ப் முதலாளியால் ஏறின வரியைக் கட்ட முடியாமல் அதே நிலத்தை ஏலத்தில் விட்டான் பேரன்.

1983-ல் தீவு தனி நகராட்சி ஆனது. பூர்வீக மக்கள் பலர் எதிர்த்தார்கள். கேட்டுக்குள்ளே இருக்கிறவர்கள் எண்ணிக்கையில் கூடிவிட்டார்கள், இனிமேல் சட்டம் அவர்கள் வசதிக்குத்தான் வரும் என்று அப்போதே சொன்னார்கள். ஒரு ஏக்கரில் எத்தனை வீடு, எந்த மாதிரி வீடு என்று கட்டுப்பாடுகள் வந்தன. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் அதே வளாகத்தில் இன்னொரு வீடு கட்டிக் கொடுக்கிற குல்லா வழக்கத்துக்கு அது முட்டுக்கட்டை. சாலை கேட்டவனுக்கு, சாக்கடை கேட்டவனுக்கு என்ன கிடைத்தது? 2010களிலும் அந்தப் பணக்காரத் தீவில் குல்லா வீடுகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை! ஆனால் கேட்டுக்காரர்கள் தீவின் தென்கோடிக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று குல்லா குடியிருப்புகள் ஊடே விரைவுச் சாலை 1998-ல் வந்துவிட்டது. அதில் உள்ள பாலத்துக்கு யார் பெயர்? சார்லஸ் ஃப்ரேசர் பெயர்.

எங்கோ இருக்கிற பங்காளி

இனி சொல்லப்போவதுதான் நமக்கு மிக முக்கியம். இதைப் படித்துக் காட்டுங்கள், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

குல்லா மக்களில் பெரும்பாலோர் உயில் எழுதுவதில்லை. வக்கீல் மேலும் கோர்ட்டு மேலும் நம்பிக்கை இல்லாத காலத்தில் வந்த பழக்கம். பாட்டன் செத்தால் நிலம் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது, பிள்ளைகள் செத்தால் பேரன்கள் எல்லாருக்கும் பொது. பாகம் பிரிக்காத பொதுச் சொத்து. ஒரு கணக்குக்குச் சொல்கிறோம்: பத்து ஏக்கர், நாலு பிள்ளை, பதினாறு பேரன். பேரன்களில் இரண்டு பேர் நிலத்தில் உழுகிறார்கள். மீதிப் பேர் பிழைப்புக்காக நியூயார்க், பிலடெல்பியா போனவர்கள். சட்டத்தின் கண்ணில் பதினாறு பேரும் சமம்.

ரியல் எஸ்டேட்காரன் ஊருக்கு வரமாட்டான். நியூயார்க் போவான். தீவையே பார்த்தறியாத ஒரு பேரனைப் பிடித்து, "உன் பங்குக்கு இவ்வளவு தர்றேன்" என்று சொற்பக் காசைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவான். இப்போது இவனும் ஒரு பங்காளி! அடுத்த வாரமே கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. பதினாறு பேருக்குப் பத்து ஏக்கரை அளந்து பிரிப்பது சிரமம், ஆகவே மொத்தத்தையும் விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொள்ளுங்கள் என்று கோர்ட்டு உத்தரவு போடும். ஏலத்தில் யார் எடுப்பான்? உழுகிறவனிடம் அவ்வளவு பணம் ஏது? வழக்குப் போட்டவனே எடுப்பான். பதினாறில் ஒரு பங்கை வாங்கி, பதினாறு பங்கையும் விழுங்குகிற வித்தை இது. தென் கரோலினா கடற்கரை முழுக்க இப்படித்தான் நிலம் போனது.

அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த அநியாயம் நடந்தது. போராடிப் போராடி, 2016-ல்தான் தென் கரோலினா சட்டசபை வாரிசுச் சொத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தைத் திருத்தியது. 2017 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்தது. விற்கக் கேட்கிறவனுடைய பங்கை மற்றப் பங்காளிகள் மதிப்புப் போட்டு முதலில் வாங்கிக் கொள்ள உரிமை உண்டு, ஏலத்துக்கு விடுவதற்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்கும் நிலத்துக்கும் உள்ள பந்தத்தைக் கோர்ட்டு பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு வைத்திருக்கும் பெயர் கிளெமென்டா பிங்க்னி. அந்தப் பகுதியின் செனட்டர். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் நிறவெறியன் சுட்டுக் கொன்ற ஒன்பது பேரில் ஒருவர். நல்ல சட்டம்தான். ஆனால் போன நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிற சட்டம் இல்லை.

நம்ம கூட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் பெயர் இருக்கிறது? செத்துப்போன தாத்தா பெயரிலேயே இருக்கிற பட்டா எத்தனை? நமக்குச் சட்டத்தில் கொஞ்சம் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது, தெரியாததால் பயன்படுத்துவதில்லை. 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கிக் கொண்டு வந்து பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கைக் கோர்ட்டு மதிப்புப் போட்டு நாமே வாங்கிக் கொள்ளக் கேட்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-வது பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருவர் பங்கை விற்கக் கிளம்பினால் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற தம்பி, தங்கச்சியிடம் புரோக்கர் போவதற்கு முன்னால் நீங்கள் போங்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லாத வீடுதான் புரோக்கருக்குத் திறந்த வாசல்.

வேலை வரும் என்றார்களே?

வந்தது. அறை பெருக்க, பாத்திரம் கழுவ, புல் வெட்ட வந்தது. சொந்தப் படகு வைத்திருந்தவனுடைய மகன் ஹோட்டலில் தட்டுத் தூக்கினான். அப்புறம் தீவில் வாடகை கொடுத்துக் குடியிருக்கக்கூட முடியாமல் போனது. அலெண்டேல், ஹாம்ப்டன் போன்ற உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரம் என்று வேலைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1969-ல் பக்கத்தில் பி.ஏ.எஸ்.எஃப். என்கிற ஜெர்மன் கம்பெனி ரசாயன ஆலை போட வந்தது. தண்ணீர் கெடும் என்று ஃப்ரேசர் வகையறா எதிர்த்தார்கள். அப்போது அவர்களுக்குக் குல்லா மீனவர்கள் தேவைப்பட்டார்கள்! மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் 'கேப்டன் டேவ்' படகு 1970-ல் மனுக்களோடு வாஷிங்டன் வரைக்கும் போனது. ஆலை வராமல் போனது. நிரந்தர வேலை கிடைக்குமே என்று ஆலையை விரும்பின குல்லா மக்களும் நிறைய இருந்தார்கள். அவர்கள் வயிறு அவர்களுக்குத்தான் தெரியும். கடலும் சிப்பியும் பிழைத்தது நல்லதுதான். ஆனால் தண்ணீரைக் காக்கத் தோள் கொடுத்த மீனவனுக்கு, நிலம் போகும்போது எந்தக் கோல்ப் முதலாளி தோள் கொடுத்தான்?

நிலத்தடித் தண்ணீரும் 1970களிலிருந்து உப்பாகிக் கிணறு கிணறாக மூட வேண்டி வந்தது. இதற்குக் கோல்ப் மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். சவன்னா நகரத்து ஆலைகளும் குடிநீர்க் குழாய்களும் உறிஞ்சினதுதான் பெரிய காரணம். சீ பைன்ஸ் மைதானங்களுக்குச் சுத்திகரித்த கழிவு நீரையும் பாய்ச்சுகிறார்கள். ஆனால் வசதி உள்ளவனுக்கு உப்பை வடிகட்ட இயந்திரம் வரும், ஆற்றிலிருந்து குழாய் வரும். கைப்பம்புக்காரனுக்கு எது வரும்?

செத்தவர்களைக்கூட விடவில்லை. குல்லா வழக்கப்படி சுடுகாடு தண்ணீர்க் கரையில் இருக்கும், ஆத்மா ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் என்று நம்பிக்கை. தண்ணீர்க் கரைதான் மனை விலை கூடின இடம். பிராடக் பாயின்ட் சுடுகாடு சீ பைன்ஸ் கேட்டுக்குள்ளே ஹார்பர் டவுனில் வில்லாக்களுக்கு நடுவில் கிடக்கிறது. பாட்டன் சமாதிக்குப் பூ வைக்கப் போகிறவன் கேட்டில் நின்று காரணம் சொல்ல வேண்டும்.

பக்கத்துத் தீவு பார்த்தது, விடவில்லை

அதே மாவட்டத்தில் செயின்ட் ஹெலினா என்று இன்னொரு தீவு. அங்கேயும் குல்லா விவசாயிகள். ஹில்டன் ஹெட்டுக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அடிமைகளின் பிள்ளைகளுக்காக 1862-ல் ஆரம்பித்த பென் பள்ளி இருந்த இடம் அங்கே இன்றும் பென் சென்டராக, மக்கள் கூடிப் பேசுகிற மையமாக நிற்கிறது. 1980-லிருந்து 2002 வரை அதை நடத்திய எமரி கேம்ப்பெல் ஹில்டன் ஹெட்டில் பிறந்தவர். சொந்தத் தீவு போனதைப் பார்த்தவர் அடுத்த தீவில் எச்சரிக்கை மணி அடித்தார்.

1999-ல் மாவட்ட நிர்வாகத்தை நெருக்கி ஒரு விதியை வாங்கினார்கள். செயின்ட் ஹெலினாவில் கேட்டு போட்ட குடியிருப்பு கூடாது, கோல்ப் மைதானம் கூடாது, ரிசார்ட் கூடாது. பண்பாட்டுப் பாதுகாப்பு மண்டலம் என்று அதற்குப் பெயர். நிலம் உன்னுடையது, விவசாயம் பண்ணு, வீடு கட்டு, விற்கவும் விற்றுக் கொள். ஆனால் ஊருக்கு நடுவில் கேட்டு போடாதே. இவ்வளவுதான்.

இருபத்து நாலு வருஷம் கழித்து, 2023-ல், ஒரு முதலாளி அங்கே பைன் தீவு என்ற சுமார் 500 ஏக்கரை வாங்கிக் கோல்ப் மைதானம் போட அனுமதி கேட்டார். விதியிலிருந்து என் நிலத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் வீடு வீடாகக் கட்டி நிரப்ப வேண்டியிருக்கும் என்று இனிப்பும் மிரட்டலும் கலந்து பேச்சு. தேவாலயம் தேவாலயமாகக் கூடினார்கள். மாவட்டக் கவுன்சில் கூட்டத்தை நிரப்பினார்கள். கிழவிகள் எழுந்து நின்று பேசினார்கள். விலக்கு மறுக்கப்பட்டது. விதியை இன்னும் இறுக்கி எழுத வைத்தார்கள். முதலாளி கோர்ட்டுக்குப் போனார். அப்படித்தான் போவார்கள், பணம் இருக்கிறது.

ஹில்டன் ஹெட்டில் 2020 கணக்கெடுப்பில் 37,661 பேர். பாலம் வருவதற்கு முன்னால் அந்தத் தீவில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. இப்போது சிறுபான்மை. செயின்ட் ஹெலினாவில் இன்னமும் சாலையோரம் தக்காளி விளைகிறது. இரண்டு தீவுக்கும் நடுவில் கொஞ்சம் கடல் தண்ணீர், கொஞ்சம் முன்யோசனை.

இப்போது நாம் செய்ய வேண்டியது

செத்தவர் பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி உடனே பெயர் மாற்ற மனுக் கொடுங்கள். கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்கள் பங்காளிகளைக் கூட்டிப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, உட்பிரிவு அளந்து தனிப் பட்டா வாங்குங்கள். பெண் மக்கள் பங்கை விட்டுவிட்டு எழுதாதீர்கள், பிற்பாடு அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியாள் நுழைவான். எந்தப் புரோக்கருக்கும் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள், அட்வான்ஸ் என்று நீட்டுகிற காசுக்கு வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வருகிற கிராம சபையில், நமது வாய்க்கால், ஏரி வரத்து, மேய்ச்சல் தரை, வண்டிப்பாதை, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றின் சர்வே எண்களைப் படித்து, இவற்றைத் தனியார் குடியிருப்பின் சுவருக்குள் விட மாட்டோம் என்று தீர்மானம் போட வேண்டும். சர்வே எண் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எடுத்து வாருங்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதி வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன்னால் போடாதீர்கள்.

விவசாயிகள் சங்கம்